லைன் போனால் போகட்டும்

கேள்வி: காரைக்குடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எல்லாம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தினமும் ராத்திரி 11 மணிக்கு, திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கும் இன்னொரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் பேக்கப் போகிறது, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக. நடுவில் நெட் போய்விட்டால் சில நாள் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டுப் பிழை காட்டுகிறது. மறுநாள் அதே வீடியோ முதலிலிருந்து தொடங்குகிறது. வேறு நெட் கம்பெனிக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?
- ஸ்டூடியோக்காரர், காரைக்குடி

பதில்: மாறுவது உங்கள் இஷ்டம். ஆனால் இதற்காக மாற வேண்டாம். 40 ஜிபி வீடியோ ஒன்று, 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில், தடங்கலே இல்லாமல் போனாலும் நாலரை மணி நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் ரெண்டு ஊரிலும் கரண்டும் நெட்டும் ஒழுங்காக இருக்கும் என்று எந்தக் கம்பெனியை நம்புவது? லைன் போகும் என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். (கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ரௌட்டரை நேராகச் சுவரில் செருகியிருக்கும் கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடையும் அப்படியென்றால், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் பார்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போகலாம்.)

முதலில், அந்த ரெண்டு மணி நேரம். நடுவழியில் இணைப்பு செத்தால், அனுப்ப ஒன்றும் இல்லாமல் பதிலுக்குக் காத்திருக்கும் முனைக்கு அது தெரியவே தெரியாது. லினக்ஸில் வழக்கமான அமைப்பு என்னவென்றால், 7200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும். 75 விநாடி இடைவெளியில் 9 முறை கேட்டுவிட்டுத்தான் கைவிடும். கூட்டினால் 2 மணி 11 நிமிடம். நீங்கள் பார்த்தது இதைத்தான். அறுந்த இணைப்பைவிட இப்படித் தொங்கும் இணைப்புதான் மோசம். அறுந்தால் உடனே மறுபடி முயலலாம்.

இதற்கு எஸ்எஸ்ஹெச்சிலேயே வழி உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' என்பதை 30 என்று வையுங்கள். எதிர்முனை பேசாமல் இருந்தால் 30 விநாடிக்கு ஒரு முறை "ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?" என்று கேட்கும். மூன்று முறை பதில் இல்லையென்றால் துண்டித்துவிடும். ஒன்றரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். திருச்சி கம்ப்யூட்டரிலும் இதற்கு இணையான 'கிளையன்ட் அலைவ் இன்டர்வல்' வைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே பழைய ஆர்சிங்க் செத்தது தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் வரை, அது வாங்கிய பாதிக் கோப்பு அடுத்த முயற்சிக்குக் கிடைக்காது.

சரி, ஏன் முதலிலிருந்து தொடங்குகிறது? அறுந்தால், அரைகுறையாக வந்த கோப்பை ஆர்சிங்க் அழித்துவிடும். அதுதான் அதன் இயல்பு. மெதுவான லைனுக்காகவே 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய கருவி, இப்படிச் செய்வது விந்தைதான். ஆனால் காரணம் இருக்கிறது: பாதி வீடியோ, முழு வீடியோவின் பெயரில் உட்கார்ந்திருக்கக் கூடாது. 'பார்ஷியல்-டிர்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் பாதிக் கோப்பைத் தனி ஃபோல்டரில் எடுத்துவைக்கும். அடுத்த முறை அதிலிருந்து தொடரும். வெறும் 'பார்ஷியல்' வேண்டாம். அது பாதியை அசல் பெயரிலேயே வைத்துவிடும். உங்கள் தம்பி அதைத் திறந்து பார்த்துவிட்டு வீடியோ கெட்டுவிட்டது என்று போன் செய்வார். கூடவே 'டைம்அவுட்' 300 என்றும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஆர்சிங்க் தானாகக் காத்திருப்பதற்கு வரம்பே கிடையாது.

அப்புறம், மறுபடி முயல்வது. வெற்றி வரும்வரை திரும்பத் திரும்ப ஓடும் ஸ்கிரிப்ட் போடச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஆர்சிங்க் முடியும்போது ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் வெற்றி. 12, 30, 255 பெரும்பாலும் லைன் கோளாறு. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஓட்டலாம். 23 என்றால் சில கோப்புகளைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை, அனுமதிச் சிக்கலாக இருக்கலாம். 11 என்றால் அங்கே டிஸ்க் நிரம்பியிருக்கலாம். இவற்றை ஆயிரம் முறை ஓட்டினாலும் சரியாகாது. அப்போது ஸ்கிரிப்ட் நின்று உங்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும். முந்தின நாள் ஓட்டம் முடியாமல் இருக்கும்போது இன்னொன்று தொடங்காமலிருக்க, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரானில், பூட்டுப் போடும் 'எஃப்லாக்' கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். காலையில் கடை திறந்த பிறகும் ஓடினால் 'பிடபிள்யூலிமிட்' கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் பெட்டி) ஒரு ஃபோல்டராக மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, அதற்குள் பேக்கப் எடுக்கிறோம். வெற்றி என்றே தினமும் வருகிறது. ஆனால் நாஸில் ஒரு வாரமாக எதுவும் இல்லை. சர்வர் டிஸ்க்தான் நிரம்பியிருக்கிறது. எப்படி?
- கணக்காளர், நாகர்கோவில்

பதில்: மவுண்ட் கழன்றிருக்கிறது. கழன்றாலும் அந்தப் பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று சர்வரில் இருக்கும். பேக்கப் அதற்குள் சமர்த்தாக எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். தொடங்கும் முன் 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் சோதியுங்கள், இல்லையென்றால் நிறுத்துங்கள். மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சாட்டர் பிளஸ் ஐ' என்ற கட்டளையால் பூட்டுப் போட்டால், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராலும் அதற்குள் எழுத முடியாது. நாஸிலிருந்து வேறு இடத்துக்கு, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் 'டிலீட்' ஆப்ஷனோடு நகல் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது: மவுண்ட் கழன்ற நாளில் மூலம் காலியாகத் தெரியும், நகலும் காலியாகும்.

இப்போது திரும்ப மவுண்ட் செய்திருந்தால், டிஸ்க்கைத் தின்ற கோப்புகள் அதன் அடியில் மறைந்திருக்கும். மவுண்ட்டைக் கழற்றிவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள். ஒரு வார பேக்கப் அங்கேதான் இருக்கும். நாஸுக்கு நகல் எடுத்த பிறகு அழியுங்கள்.