ரசலில் கால் வைக்க ஏஜென்ட் தயவு தேவையில்லை

கேள்வி: வயதான பெற்றோருடன் சிட்னியிலிருந்து கப்பலில் நியூசிலாந்து சுற்றி வருகிறோம். ஒரு பகல் பே ஆஃப் ஐலண்ட்ஸில் நிற்கும். அங்கே ரசல் என்ற பழைய திமிங்கில வேட்டைக் காலத்து ஊரைப் பார்க்க ஆசை. கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவை வாங்காவிட்டால் கரையிறங்க விடமாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: இல்லை. அவருக்குக் கமிஷன் வேண்டும், அவ்வளவுதான். ‘கரையிறங்கும் அனுமதி’ என்று தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்; பேச்சை மாற்றிவிடுவார்.

பெரிய கப்பல்கள் அங்கே கரையை நெருங்குவதில்லை. நங்கூரமிட்டு, சிறு படகுகளில் வைடாங்கி துறையில் இறக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே பாய்ஹியா என்ற ஊர். அங்கிருந்து ரசலுக்குப் படகில் கால் மணி நேரம்தான்.

நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது நேரத்தை. அட்டவணையில் எட்டு மணி என்றிருந்தால் எட்டுக்கே நீங்கள் கரையில் இருக்க மாட்டீர்கள். சுற்றுலா வாங்கியவர்களையே பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் டோக்கனோடு காத்திருக்க வேண்டும். கேட்டால் ‘நடைமுறை’ என்பார்கள்! கப்பல் புறப்படும் நேரத்தை மறந்துவிடுங்கள்; கரையிலிருந்து கடைசிப் படகு எப்போது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ரசலை விட்டுக் கிளம்புங்கள்.

ஒரு விதிவிலக்கு. காற்று பலமாக இருந்தால் கேப்டன் படகே இறக்க மாட்டார், நிறுத்தமே ரத்தாகும். கப்பல் சுற்றுலா வாங்கியிருந்தால் பணம் திரும்பி வரும். வெளியே முன்பதிவு செய்திருந்தால் அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. அதுபோலவே, கப்பல் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. ஆடும் படகில் கால் மாற்றி ஏற அப்பா, அம்மாவால் முடியுமா என்பதையும் முன்பே யோசியுங்கள். முடியாதென்றால் எந்தச் சுற்றுலா வாங்கியும் பயனில்லை, எல்லோருக்கும் அதே படகுதான்.

ரசலில் திமிங்கில எலும்புக் குவியலைத் தேடாதீர்கள். கோரோராரேகா என்ற பெயரோடு இருந்த அந்த ஊர், வேட்டைக் கப்பல்கள் பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, தண்ணீர், சாராயம் ஏற்றிக்கொண்ட துறை. குடியும் கூத்துமாக ‘பசிபிக்கின் நரகம்’ என்று பேர் வாங்கியது. 1835 டிசம்பரில் வந்த சார்லஸ் டார்வினுக்கு அங்கிருந்த ஆங்கிலேயர்களைப் பிடிக்கவே இல்லை. 1845இல் மாவோரிகளுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த போரில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது; தப்பிய கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் சுவரில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த துளைகளை இன்றும் பார்க்கலாம். அதுவும் பழைய கத்தோலிக்க மிஷனின் பாம்பாலியர் அச்சுக்கூடமும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. பெரியவர்களாலும் நடக்க முடியும். கொடிக்கம்பக் குன்று செங்குத்து, அவர்களுக்கு வேண்டாம்.

கப்பலின் காலை உணவு மேசையில் எடுத்த ஆப்பிள் கரையிறங்கும்போது பையில் இருக்கக் கூடாது; வெளிப் பழங்களை நியூசிலாந்து உள்ளே விடாது. சோதனையில் அகப்பட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வயதைப் பார்க்க மாட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஆஸ்திரேலிய விசா பலமுறை நுழையும் வகைதானா என்று இன்றே பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் சிட்னிக்குத் திரும்ப அது போதுமா என்று விசாத் துறையிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். இதைச் சொல்லத்தான் ஏஜென்ட் வேண்டும், சொல்ல மாட்டார்.