2015 டிசம்பர் 2: ஒரு நாள் மழைக்கணக்கைப் படிப்பது எப்படி?

கேள்வி: 2015 வெள்ளத்தின்போது சென்னையில் ஒரே நாளில் பெய்த மழை 29 செ.மீ. என்கிறது ஒரு பட்டியல், 49 செ.மீ. என்கிறது இன்னொன்று. தேதியும் டிசம்பர் 1, டிசம்பர் 2 என்று மாறி மாறி வருகிறது. எதை நம்புவது? (பல்லாவரம் வாசகர்)

பதில்: இரண்டு அளவும் சரி. இடம்தான் வேறு. 29 செ.மீ. நுங்கம்பாக்கத்தில் பதிவானது, 49 செ.மீ. தாம்பரத்தில். அதே 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. பட்டியல்களில் ‘சென்னை’ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது நுங்கம்பாக்கம்தான். அடையாற்றில் வந்த வெள்ளத்தை அந்த 29-ஐ மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ஆற்றுக்குத் தண்ணீர் வரும் பகுதி தாம்பரமும் செம்பரம்பாக்கமும் இருக்கும் பக்கம். வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டியது நீர்ப்பிடிப்புப் பகுதியின் மழைமானிகளை. நகர மையத்தில் இருப்பதை அல்ல.

இனி தேதி. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அளவு எழுதப்படுவது அளந்த நாளின் தேதியில். டிசம்பர் 1 காலை 8.30-க்குப் பிறகு, பகலும் இரவுமாகக் கொட்டிய மழை முழுவதும் டிசம்பர் 2-க்கு நேராகவே பதிவேட்டில் ஏறும். டிசம்பர் 1 என்று எழுதுகிறவர் மழை பெய்த நாளைச் சொல்கிறார். இரண்டையும் தனித்தனி மழை என்று நினைத்துக் கூட்டிவிடாதீர்கள். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள்.

வெப்பநிலைக்கு முறை வேறு. அன்றைய குறைந்தபட்சத்தைக் காலை 8.30-க்கும், அதிகபட்சத்தை மாலை 5.30-க்கும் படிப்பார்கள். ஆகவே ஒரே தேதியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மழையும் வெயிலும் ஒரே 24 மணி நேரத்தைச் சேர்ந்தவை அல்ல.

கேள்வி: டிசம்பர் தொடக்கத்தைக் குளிர்காலம் என்று சொல்லலாமா? (உடுமலை வாசகி)

பதில்: வானிலைத் துறைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், குளிர்காலம் என்பது ஜனவரியும் பிப்ரவரியும். நம் பழைய கணக்கில் டிசம்பர் 2, கார்த்திகையின் நடுப்பகுதி, அதாவது கூதிர்காலம். முன்பனி மார்கழியில்தான் தொடங்குகிறது. ஆனால் டிசம்பர் குளிரே இல்லாத மாதம் என்றும் சொல்ல முடியாது: 1895 டிசம்பர் 11-இல் சென்னையில் 13.9 டிகிரி பதிவானது.

கேள்வி: அந்த 29 செ.மீ. நூறாண்டுச் சாதனை என்கிறார்களே, நவம்பரில் அதைவிட அதிகம் பெய்ததில்லையா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: பெய்திருக்கிறது. 1976 நவம்பர் 25-இல் நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. பதிவானது. 2015-இல் முறிந்தது டிசம்பர் மாதத்துக்கான ஒரு நாள் சாதனை. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது 1901 டிசம்பர் 10-இன் 261.6 மி.மீ. ‘சாதனை’ என்று எங்கே பார்த்தாலும் அது அந்த மாதத்துக்கா, எல்லாக் காலத்துக்குமா, எந்த நிலையத்துக்கு என்று மூன்றையும் பாருங்கள்.

261.6 என்ற எண்ணிலேயே அதன் வயது தெரிகிறது. அப்போது மழையை அங்குலத்திலும், அங்குலத்தின் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும் எழுதினார்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 10 அங்குலம் 30 சென்ட்டைப் பெருக்கினால் 261.6 வரும். மேலே சொன்ன 13.9 டிகிரியும் அப்படித்தான், 57 பாரன்ஹீட். பழைய பதிவேட்டைப் பெயர்த்து எழுதும்போது சென்ட்டை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் மழை ஏறக்குறைய நான்கு மடங்காய்ப் பெருகிவிடும்.

கேள்வி: வீட்டில் வாளி வைத்து மழை அளக்கிறேன். என் அளவு எப்போதும் அரசுக் கணக்கைவிட அதிகமாக வருகிறது. (கூடுவாஞ்சேரி வாசகர்)

பதில்: வாளி அடியில் குறுகலாக இருக்கும். அகன்ற வாய் பிடித்த தண்ணீர் குறுகிய அடியில் நிற்பதால், ஸ்கேல் வைத்துப் பார்க்கும் உயரம் கூடிவிடுகிறது. உயரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து, வாயின் பரப்பால் வகுங்கள். வாயின் விட்டம் 28 செ.மீ. என்றால் பரப்பு 616 சதுர செ.மீ. வாளியில் 12 லிட்டர் இருந்தால் 12,000-ஐ 616-ஆல் வகுக்க, 19.5 செ.மீ. மழை.

இதைவிட நல்லது புனலும் குடுவையும். 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ.; 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர் சேரும். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் இருக்கட்டும். அதற்குக் கீழே வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே விழும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். மொட்டைமாடி வேண்டாம், அங்கே காற்று துளிகளைப் புனலைத் தாண்டி அடித்துப் போகும், அளவு குறையும்.

பெருமழை நாளில் கணக்கு கெட்டுப்போவது குடுவையால்தான். அந்தப் புனலுக்குக் கீழே 2 லிட்டர் குடுவை வைத்தால் 100 மி.மீ.-இல் நிரம்பிவிடும், 10 லிட்டர் என்றாலும் 500 மி.மீ. தான். 2023 டிசம்பர் 18 காலையில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. அப்படிக் கொட்டும் நாளில் நடுவில் எடுத்து அளந்து, காலிக் குடுவையை மாற்றி வைத்து, நேரத்தோடு எழுத வேண்டும். நிரம்பி வழிந்துவிட்டதா? ‘100 மி.மீ.-க்கு மேல்’ என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டால் மற்ற நாட்களின் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: இணையத்தில் எந்தத் தேதியைக் கேட்டாலும் எங்கள் தெருவுக்கே மழை அளவு காட்டுகிறார்களே? (சேலையூர் வாசகி)

பதில்: பெரும்பாலும் அது அளந்த மழை அல்ல, வானிலையைக் கணிக்கும் கணினி நிரல் ஒன்று சுமார் 30 கி.மீ. பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குக் கணித்துத் தரும் சராசரி. நுங்கம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இருந்த 20 செ.மீ. வித்தியாசம் அந்தக் கட்டத்துக்குள் கரைந்து போகும். சில தளங்கள் ஒரு நாளின் கணக்கைக் கிரீனிச் நள்ளிரவில் தொடங்குகின்றன. நமக்கு அது காலை 5.30. காப்பீட்டுக்கோ வழக்குக்கோ ஒரு நாளின் அளவு வேண்டுமென்றால் வானிலைத் துறையின் புணே தேசியத் தரவு மையத்துக்கு எழுதுங்கள். நிலையத்தின் பெயரோடு, ‘டிசம்பர் 1 காலை 8.30 முதல் டிசம்பர் 2 காலை 8.30 வரை’ என்று முழுதாகக் குறிப்பிடுங்கள்.