இரண்டு சமன்பாடு, இரண்டு மாறி: கேள்வி பதில்

பிரதியிடல் முறையா நீக்கல் முறையா, எதைப் போடுவது சார்? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

ஏதாவது ஒரு மாறியின் (எக்ஸ், ஒய் போன்ற தெரியாத எண்) கெழு, அதாவது அதன் முன் நிற்கும் எண், 1 அல்லது −1 என்றால் பிரதியிடும்மா: அந்த மாறியைத் தனியாக்கி மற்றச் சமன்பாட்டில் போடு. ஒய் = 3எக்ஸ் − 5 என்று கையிலேயே கொடுத்திருக்கும்போது நீக்கல் வீண்வேலை. 7, 5, 4, 3 என்று கெழுக்கள் வந்தால் நீக்கல்: ஒரு மாறியின் கெழுக்களைச் சமமாக்கி, சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ அந்த மாறியை ஒழிப்பது. பிரதியிட்டால் பின்னத்தில் சிக்கிக்கொள்வாய். கழிக்கும்போது கீழ்வரியில் மூன்று உறுப்புக்கும் குறி மாற வேண்டும். வலப்பக்க எண்ணை மறந்துவிடாதே.

எனக்கு மட்டும் விடை தப்பாகவே வருகிறது.

குறி. மேலே பாருங்கள்.

என் பையனுக்குக் கோழி, முயல் கணக்கு: 35 தலை, 94 கால். நான் மனதிலேயே போட்டேன். வாத்தியார் சமன்பாடு எழுதச் சொல்கிறார். எதற்கு? (ஒரு அப்பா)

இது சுமார் 1,500 ஆண்டு பழைய சீன நூல் ஒன்றில் உள்ள கணக்கு. அங்கே கோழிக்குப் பதில் காட்டுக்கோழி. அந்த நூலின் வழி: காலைப் பாதியாக்கினால் 47, அதில் தலை 35 போக 12 முயல். மீதி 23 கோழி. நீங்கள் எப்படிப் போட்டீர்கள்?

எல்லாமே கோழி என்றால் 70 கால். மிச்சம் 24. முயலுக்கு இரண்டு கால் கூடுதல், ஆக 12.

அழகு. இப்போது கோ + மு = 35, 2கோ + 4மு = 94 என்று எழுதி, முதலாவதை 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 2மு = 24. நீங்கள் செய்ததே நீக்கல் முறைதான், எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எழுதாமலே விடலாமே!

2 பேனா, 3 நோட்டு 95 ரூபாய். 3 பேனா, 2 நோட்டு 80 ரூபாய். ‘எல்லாமே பேனா’ என்று தொடங்கிப் பாருங்கள், நகராது.

(குறுக்கே ஒருவர்) கூட்டினால் 5 பேனா, 5 நோட்டு 175. ஒரு ஜோடி 35. கழித்தால் நோட்டு 15 ரூபாய் கூடுதல். பேனா 10, நோட்டு 25. மனக்கணக்கேதான்!

கெழுக்கள் இடம் மாறி நிற்கும்போது அதுதான் சிறந்த வழி. கூட்டிக் கழித்தது எதை? இரண்டு சமன்பாடுகளை. கட்சி மாறாதீர்கள்.

குறுக்குப் பெருக்கல் (கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கி விடை காணும் முறை)?

முதலில் எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் 0 ஆக்குங்கள். பலர் விழுவது அங்கேதான்.

மூன்று மாறி?

பத்தாம் வகுப்பில் வரும். இங்கே இரண்டுதான்.

வரைபடத்தில் போட்டால் போதாதா?

கோடுகள் நன்றாகக் குறுக்கிட்டால் சரி. எக்ஸ் + ஒய் = 2, எக்ஸ் + 1.01ஒய் = 2.01 வரைந்து பாருங்கள். விடை (1, 1). 2.01-ஐ 2.02 ஆக்கினால் விடை (0, 2)-க்குத் தாவிவிடும்! ஏறக்குறைய இணையான கோடுகளில் பென்சில் முனையின் தடிமனே விடையைத் தின்றுவிடும். முழுக்க இணை என்றால் விடையே இல்லை: 2எக்ஸ் + 3ஒய் = 7, 4எக்ஸ் + 6ஒய் = 15. அந்த 15 மட்டும் 14 ஆனால் ஒரே கோடு, விடைகள் எண்ணற்றவை.

சார், விடை தப்பு…

குறி! விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

(அதே அப்பா) சரி, 35 தலை, 93 கால் என்றால்?

முயல் 11.5. சமன்பாட்டுக்கு விடை உண்டு. காலை எண்ணியவரைத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.