600 டாலர் கட்டினால் எந்தக் கடன் குறையும்?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "பழைய கார்டில் இருந்த 4,000 டாலர் கடனை 0% சலுகையில் புதிய கிரெடிட் கார்டுக்கு மாற்றினேன். அப்புறம் அதே கார்டில் வீட்டுச் சாமான்கள் வாங்கினேன். அதில் 1,530 டாலர் பாக்கி, வட்டி 24%. அவசரத்துக்கு ஏடிஎம்மில் எடுத்த பணம் வட்டியோடு 512 டாலர் நிற்கிறது, வட்டி 29%. இந்த மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய மினிமம் தொகை 102 டாலர். நான் 600 கட்டப் போகிறேன். அது எந்தக் கடனில் கழியும்? எதில் கழிக்க வேண்டும் என்று நானே வங்கியிடம் சொல்ல முடியுமா?"

உங்கள் 600 டாலரை வங்கி இரண்டு பங்காகப் பார்க்கும். மினிமம் தொகையான 102 ஒரு பங்கு, மீதி 498 இன்னொரு பங்கு. இரண்டுக்கும் விதி வேறு.

முதல் 102 டாலரை எந்தக் கடனில் கழிப்பது என்பது வங்கியின் விருப்பம். பெரும்பாலான வங்கிகள் வட்டி குறைந்த கடனில்தான் கழிக்கும். உங்கள் விஷயத்தில் அது 0% கடன். மீதி 498 டாலரில் வங்கிக்கு அந்த உரிமை இல்லை. 2009-இல் வந்த அமெரிக்க கிரெடிட் கார்டு சட்டத்தின்படி, மினிமத்துக்கு மேல் கட்டும் பணம் வட்டி அதிகமான கடனுக்கே முதலில் போக வேண்டும். அது தீர்ந்த பிறகுதான் அடுத்த கடனுக்கு. ஆகவே ஏடிஎம்மில் எடுத்த 512 ஒரே மாதத்தில் 14 டாலராகிவிடும்.

2010 பிப்ரவரியில் இந்த விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, வங்கிகள் வழக்கமாக 600 டாலரையும் 0% கடனிலேயே கழித்துக்கொண்டன. வட்டி ஏறும் கடன் தொடப்படாமலே கிடக்கும். 0% என்ற சலுகையை நம்பிப் போனவர்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியும் வட்டியிலிருந்து மீள முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தில் சாதாரண மக்களுக்கு அதிகம் உதவிய பகுதிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் மினிமம் மட்டும் கட்டினால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. 102 டாலர் மட்டும் கட்டினீர்கள் என்று வையுங்கள். மொத்த பாக்கி 6,042-இலிருந்து 5,940 ஆகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குறைந்திருப்பது வட்டியே இல்லாத கடன்; 24 சதவீதமும் 29 சதவீதமும் அப்படியே நின்று, அவற்றின் மேல் அடுத்த மாத வட்டியாக 40 டாலருக்கு மேல் ஏறும். மினிமத்தைத் தாண்டிக் கட்டும் ஒவ்வொரு டாலரும் முதலில் 29% கடனையும், அது தீர்ந்ததும் 24% கடனையும் அடைக்கிறது. எனவே இன்னும் 50, 100 டாலர் புரட்ட முடிந்தால் தயங்காமல் சேர்த்துக் கட்டுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது இந்தக் கடனுக்கு, அது அந்தக் கடனுக்கு என்று நீங்கள் சொல்வதை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக் கட்டினாலும் அந்த மாத மினிமம் ஒரு முறைதான் கணக்கில் வரும். பிரிப்பதால் மட்டும் எந்தக் கடனில் கழிகிறது என்பது மாறாது.

அதைவிட முக்கியமாக, இந்தக் கார்டில் இனி எதுவும் வாங்காதீர்கள். வாங்கிய பொருளுக்குக் கெடு தேதி வரை வட்டி இல்லை என்ற வசதி, பெரும்பாலான கார்டுகளில் ஸ்டேட்மென்ட் தொகை முழுவதையும் கட்டினால்தான் கிடைக்கும். அந்த முழுத் தொகையில் உங்கள் 0% கடனும் அடக்கம். அதனால் இன்று வாங்கும் பாலுக்கும் காய்கறிக்கும்கூட முதல் நாளிலிருந்தே 24% ஓடும். அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டையோ, பாக்கி இல்லாத வேறு கார்டையோ பயன்படுத்துங்கள். அப்படிச் செய்து மாதம் 600 கட்டினால், வட்டி ஓடும் இரண்டு கடனும் நான்கு மாதத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அப்போது 0% கடன் சுமார் 3,700 டாலர் இருக்கும். சலுகை முடியும் தேதியை இப்போதே ஸ்டேட்மென்டில் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, மிச்ச மாதங்களுக்கு அதைப் பங்கிட்டு அடையுங்கள்.

ஒரு கெடுவைக்கூடத் தவறவிடாதீர்கள். தாமதக் கட்டணம் ஒரு பக்கம். 60 நாள் தாண்டினால் 0% சலுகையையே வங்கி பறிக்கலாம்.

மேசை நாற்காலிக் கடைகளில் தரும் "12 மாதத்துக்குள் முழுதும் கட்டினால் வட்டி இல்லை" என்ற கார்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கடைசி நாளில் சிறு தொகை பாக்கி இருந்தாலும் வாங்கிய நாள் முதல் உள்ள வட்டி மொத்தமாக ஏறும். அதனால் அந்தச் சலுகைக் காலம் முடிவதற்கு முந்தைய கடைசி இரண்டு பில் மாதங்களில் மட்டும், மினிமத்துக்கு மேலான பணம் அந்தக் கடனுக்கே முதலில் போக வேண்டும் என்று விதியை மாற்றி வைத்திருக்கிறார்கள். பெரிய தொகையாக இருந்தால் இரண்டு மாதம் போதாது.

தொழில் பெயரில் எடுத்த பிசினஸ் கார்டுகளுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இந்தியக் கார்டுகளுக்கும் இது பொருந்தாது. அங்கே கார்டோடு தரும் முக்கிய விதிமுறைகள் தாளில் கழிக்கும் வரிசை இருக்கும், அதைப் படியுங்கள்.

அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும், கடைசிப் பகுதியில் வட்டிக் கணக்கு அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு கடனும் தனித்தனி வரியாக இருக்கும். ஏடிஎம் கடன் குறையாமல் இருந்தால் முதலில் போனில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். பில் பற்றிய புகாருக்கென்று வேறு முகவரி அதே ஸ்டேட்மென்டில் இருக்கும்.