முதல் பிடியிலேயே ராகம் தெரிய வேண்டும்

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். அனுப்புவதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது. "விஷயம் இருக்கிறது, ஆனால் படிப்பவர் மூச்சு விட இடமில்லை" என்று ஓர் ஆசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். எழுதும்போது கர்நாடக சங்கீதத்தை ஓடவிட்டால் நடை சீராகும் என்கிறாள் என் தோழி. எனக்கு சினிமாப் பாட்டோடு சரி, ராகம் தாளம் எதுவும் தெரியாது. கேட்டால் பயன் உண்டா? எதிலிருந்து தொடங்குவது? திரும்பி வந்த கதை ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். அந்த ஆசிரியர் சொன்னது சரி. உங்கள் தோழி சொன்னது பாதி சரி.

சரியில்லாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது பாட்டை ஓடவிட வேண்டாம். சாகித்யத்தில், அதாவது பாட்டின் வரிகளில், சொற்கள் இருக்கின்றன, நீங்கள் தேடுவதும் சொற்களைத்தான். இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். நல்ல இசையைக் கேட்டாலே மூளை கூர்மையாகிவிடும் என்ற பேச்சையும் நம்பி இறங்காதீர்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. மோட்சார்ட்டின் சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்று மனதில் பார்க்கும் வகைச் சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பலன் போய்விட்டது. எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் எழுதாத நேரத்தில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், உட்கார்ந்து கேட்டால் நிச்சயம் பயன் உண்டு. எந்த இடத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இலக்கணப் புத்தகம் இல்லை. கச்சேரிதான்.

ஓர் ஆலாபனையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது அது. "முதல் பிடியிலேயே ராகம் தெரிஞ்சுடணும்" என்பார்கள் பழைய ரசிகர்கள். பாடகர் தோடி ராகத்தின் முழு உருவத்தையும் அங்கே கொட்டிவிடுவதில்லை. நாலைந்து ஸ்வரம், ஓர் அசைவு, அவ்வளவுதான். ஆனால் இது தோடி, வேறில்லை என்று தெரிந்துவிடும். மீதியைக் காட்ட அவருக்கு அரை மணி நேரம் இருக்கிறது. உங்கள் கதையில் முதல் இரண்டு பத்தியும் காலை வெயில், காகம், பால்காரர், தெருக்கோலம் என்று போகிறது. கதை மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையில் இருக்கும் ஒரு பீரோச் சாவியைப் பற்றியது. அந்தச் சாவி மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. கேட்பவர் அதுவரை எந்த ராகம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது கார்வை. ஒரு ஸ்வரத்தில் போய் நின்று, அதை நீட்டி, அங்கேயே இருப்பது. இதற்குப் பாடகர் எம்.டி. ராமநாதனைக் கேளுங்கள் (1923–1984). சௌக்க காலம், அதாவது மெதுவான நடை, அவருடைய வீடு. மற்றவர்கள் ஒரு வரியை மூன்று விதமாக மாற்றிப் பாடும் நேரத்தில் அவர் ஒரே இடத்தில் நிற்பார். முதல் நாள் பொறுமை போகும். "எப்போது நகர்வார்?" என்று இருக்கும். நாலாவது நாள், அவர் நகரப் போகிறாரே என்று இருக்கும். அந்த நிற்றலில்தான் முன்னால் பாடியது நமக்குள் இறங்குகிறது. இது புரிந்த பிறகு என் பத்திகளில் பாதி வாக்கியங்களை என்னால் எடுக்க முடிந்தது.

உங்கள் கதையிலிருந்தே ஓர் இடம். நீங்கள் எழுதியது: "அம்மா இறந்த செய்தியைக் கேட்டதும் நெஞ்சு வெடித்து, கண்கள் குளமாகி, உலகமே இருண்டுபோனது போல அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்." ஒரே மூச்சில் நான்கு அடி. எதுவும் படவில்லை. இப்படி வைத்துப் பாருங்கள்: "அண்ணன்தான் பேசினான். சரி என்று சொல்லி போனை வைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வந்தது. அணைத்தாள்." கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு பத்தி இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் கார்வை. துக்கத்தை அங்கே வாசகர் நிரப்பிக்கொள்வார்.

மிருதங்கத்தையும் சும்மா விட்டுவிடாதீர்கள். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, வந்ததும் காபி குடிக்க எழுந்து போகும் வழக்கம் சபாக்களில் உண்டு. எழுத நினைப்பவர்கள் அப்போது உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பாட்டுக்கு வாசிக்கும்போது மிருதங்கம் எங்கே மௌனமாகிறது என்று கவனிப்பது. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அவர் வாசிக்காமல் விட்ட இடங்களையும் சேர்த்தேதான் பேசுவார்கள்.

அப்புறம் சங்கதி. ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் திரும்பப் பாடுவது. எனக்கு மிகவும் உதவியது இதுதான். தியாகராஜரின் கரகரப்ரியா ராகக் கீர்த்தனை 'சக்கனி ராஜ'வின் பல்லவியைக் கேளுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். சொல் மாறாது, தாளம் மாறாது. முதலில் எளிமையாக ஒரு முறை. அடுத்ததில் ஒரு மூலையில் மட்டும் சின்ன வளைவு. அதற்கடுத்ததில் அந்த வளைவோடு இன்னொன்று. இப்படி ஏறி ஏறி, கடைசியில் அந்த வரிக்குள் இவ்வளவு இருந்ததா என்று தோன்றும். திருத்தி எழுதுவது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை பிடிக்காத வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதுவேன். இப்போது அதே வாக்கியத்தை ஐந்து முறை எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தை மட்டும் மாற்றி. வினைச்சொல்லை மாற்றுவேன். அடுத்து அதை முன்னால் கொண்டு வருவேன். அடுத்து ஒரு பெயரடையை எடுப்பேன். ஒரு வித்தியாசம் உண்டு. மேடையில் எல்லாச் சங்கதியும் ரசிகர் காதில் விழும். காகிதத்தில் ஒன்றுதான் நிற்கும். மற்ற நாலும் போகட்டும், வருத்தப்படாதீர்கள். அவை இல்லாமல் அந்த ஐந்தாவது வந்திருக்காது.

ராகம் தாளம் தெரியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிய வேண்டாம். எனக்கும் வெகு காலம் தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் பழகியது. ஒரு மாதத்துக்கு ஒரே ராகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோடியே இருக்கட்டும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடி ஆலாபனை ஒலிப்பதிவாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம். சொல்லே கிடையாது, அதனால் அர்த்தத்தைத் தேடி மனம் ஓடாது. பத்து நாள் கழித்து அதே தோடியை ஒரு பாடகரிடம் கேளுங்கள். அவர் எங்கே நிற்கிறார், இவர் எங்கே நின்றார் என்று உங்களுக்கே பிடிபடும். தினம் இருபது நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். கேட்டு முடித்த உடனே எழுத உட்கார வேண்டாம், சமையலோ நடையோ முடித்துவிட்டு வாருங்கள். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஆசிரியர் சொன்ன இடம் அதுதான்.

சாவிக் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாமியார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, மறுபடி முடிந்துகொள்ளும் இடம் அருமையாக வந்திருக்கிறது. அங்கே நீங்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கதையை அங்கிருந்து தொடங்கி எழுதி, ஒரு மாதம் கழித்து எனக்கே அனுப்புங்கள்.