பெங்களூரு மொட்டைமாடியில் யுரேனஸ் தெரியுமா?

கேள்வி: ஜெயநகரில் குடியிருக்கிறோம். வெறும் கண்ணுக்குப் பொலிவெண் (வான்பொருளின் ஒளியைக் குறிக்கும் எண்) 6 வரை தெரியுமாம். யுரேனஸ் 5.7 தானே? மகளும் நானும் மாடியில் நின்று தேடினோம், கிடைக்கவில்லை. கண்ணில் குறையா?

பதில்: கண்ணைச் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் ஊர் வானம்தான் காரணம்.

பொலிவெண் கூடக் கூட ஒளி மங்கும். 5 எண் கூடினால் ஒளி 100-இல் ஒரு பங்காகிவிடும். 6 என்பது நிலவும் ஊர் வெளிச்சமும் இல்லாத இரவுக்கான கணக்கு. பெங்களூருவில் விளக்கொளி தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிற வைக்கிறது. நகரத்துக்குள் 4 வரை தெரிந்தாலே நல்ல இரவு. யுரேனஸோ அதைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு மங்கல். சிரமப்பட்டுத் தேடியும் தெரியாததில் வியப்பில்லை.

உங்கள் மாடியின் எல்லையை நீங்களே அளக்கலாம். அதற்குக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ஜனவரியில் இரவு எட்டு மணி வாக்கில் உச்சிக்கு அருகே இருக்கும். அதன் விண்மீன்கள் 2.9, 3.6, 3.7, 3.9, 4.2, 4.3 என்று படிப்படியாக மங்குகின்றன. மூன்று எண்ண முடிந்தால் உங்கள் எல்லை 3.7; ஆறும் தெரிந்தால் 4.3. மகளைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள், இளங்கண்ணின் பாவை இருட்டில் அதிகம் விரியும். கோடையில் என்றால் சப்தரிஷியில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியைத் தேடலாம். அதன் பொலிவெண் 4.

அளக்குமுன் அரை மணி நேரம் இருட்டில் இருங்கள். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் கண் பழையபடி ஆகிவிடும். மங்கலான விண்மீனை நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

சரி, யுரேனஸ்? இந்த ஆண்டுகளில் அது ரிஷப விண்மீன் குழுவில்தான் நகர்கிறது. வரைபடத்தோடு 10x50 பைனாகுலர் இருந்தால் மாடியிலிருந்தே பிடிக்கலாம், ஒரு புள்ளியாகத்தான் தெரியும். வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். இருண்ட வானத்துக்காகவே காவலூர் வானாய்வகத்தை அங்கே அமைத்தார்கள். 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அங்கிருந்தும் கவனித்தார்கள். அந்த நிகழ்வில்தான் அதன் வளையங்கள் வெளிப்பட்டன. நெப்டியூனுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்: அதன் பொலிவெண் 7.8, எந்த மலையிலும் வெறும் கண்ணுக்கு எட்டாது.