நெபுலைசர் தினமும் வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, நாள்பட்ட ஆஸ்துமா. தினமும் இரண்டு வேளை சால்பியூட்டமால் என்ற மருந்தை நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் கருவி) வைக்கிறோம். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். இப்போது இருபது நிமிடம் ஆகிறது, மூச்சும் சரியாக இறங்குவதில்லை. மருந்தைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்ட வேண்டாம். நேரம் இழுக்கிறது என்றால் முதலில் கருவியைப் பாருங்கள். மருந்துக் கிண்ணத்தின் நுண்துளையில் மருந்து படிந்து அடைத்திருக்கலாம்; இயந்திரத்தின் காற்று வடிகட்டி அழுக்கேறியிருக்கலாம். நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று வந்தால்தான் மருந்து 5 மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக உடைந்து நுரையீரலுக்குள் போகும். பெரிய துளிகள் தொண்டையோடு நின்றுவிடும்.

அடைப்பை ஊசியால் குத்தாதீர்கள்; துளை அகன்றால் கிண்ணமே வீண். புதுக் கிண்ணம் வாங்குங்கள், வடிகட்டியையும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைப் பிரித்து, சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி அலசி, காற்றில் உலர விடுங்கள். காற்றுக்குழாயைக் கழுவ வேண்டாம். அதில் ஈரம் தெரிந்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட விடுங்கள்.

சால்பியூட்டமால் 2.5 மி.கி. பெரும்பாலும் 2.5 மி.லி. குப்பியாகவே வருகிறது. கிண்ணத்தின் அடியில் எப்படியும் 1 மி.லி. வரை தங்கிவிடும். அதனால் மருத்துவரைக் கேட்டு, நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) சேர்த்து மொத்தம் 4 மி.லி. ஆக்கிக்கொள்ளலாம். தண்ணீர் சேர்க்கவே கூடாது, அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்வழியாக நிதானமாக இழுக்கட்டும். முகத்தில் சரியாகப் படியாத மாஸ்க்கைவிட வாய்க்குழாய் மேல்.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த 'தினமும் இரண்டு வேளை'தான். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் தசையை 4 முதல் 6 மணி நேரம் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. தினமும் அது தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை அம்மா அன்றாடம் எடுக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெபுலைசர் வைத்தும் திணறல் அடங்காவிட்டாலோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பயணத்தில் மின்சாரம் கிடைக்காவிட்டால்?

பதில்: ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குடுவை) பொருத்திய சால்பியூட்டமால் இன்ஹேலர் போதும். சரியாக இழுத்தால் பெரும்பாலோருக்கு நெபுலைசருக்கு இணையான பலன் தரும். குலுக்கி, ஒரு முறை அழுத்தி, நாலைந்து மூச்சு இழுத்த பிறகே அடுத்த அழுத்தம். எத்தனை அழுத்தம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.